சோறு இறங்காத அப்பாவுக்கு வயிற்றில் குழாய் வைக்கலாமா? குடியாத்தத்திலிருந்து ஒரு கேள்வி

கௌண்டன்யா_குடியாத்தம் | ஏப்ரல் 20, இரவு 11.20

வணக்கம். இந்தக் குழுவில் இதுவரை படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். இன்று கேட்டே ஆக வேண்டிய நிலை.

அப்பாவுக்கு 72 வயது. கைலி நெசவு. சின்ன வயதில் தறியில் உட்கார்ந்தவர், போன வருஷம் வரை இறங்கவில்லை. ஐப்பசியில் சோறு விழுங்கும்போது நெஞ்சில் நிற்கிறது என்றார். உணவுக்குழாயில் புற்றுநோய். 25 நாள் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள், கூடவே வாரம் ஒரு கீமோ. தை மாதம் தேறி இட்லி சாப்பிட்டார். பங்குனியில் மறுபடி அடைப்பு. ஸ்கேனில் கல்லீரலுக்கும் போயிருக்கிறது. டாக்டர் என்னையும் அண்ணனையும் தனியாகக் கூப்பிட்டு, நோயைக் குறைக்கிற மருந்து இனிப் பெரிதாக உதவாது, வலி இல்லாமல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

அண்ணன் பெங்களூரில் இருக்கிறார். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் விசாரித்திருக்கிறார். வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்து, அதில் கஞ்சி ஊற்றி, உடம்பு கொஞ்சம் தேறியதும் வேறு கீமோ கொடுக்கலாமாம். கடன் வாங்கியாவது செய்வேன் என்கிறார். அம்மாவுக்கு வேறு கவலை, 'சோறு போடாம சாகடிச்சாங்கன்னு தெரு பேசும்' என்று அழுகிறாள். அப்பாவிடம் குடல்புண் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். இப்போது 41 கிலோ. ராத்திரியில் முதுகு வலி தாங்காமல் தறிக்கட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்.

குழாய் வைக்காமல் விட்டால் பாவமா? வைத்தால் பாவமா? இரண்டு நாளில் அண்ணனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மூத்தமகன்_ராணிப்பேட்டை | ஏப்ரல் 21, காலை 6.05

வையுங்கள். என் அம்மாவுக்கு 2019-இல் இரண்டு கிட்னியும் போய்விட்டது. 'வயசாயிடுச்சு, வீட்டுக்குக் கூட்டிப் போங்க' என்றார்கள். நான் கேட்கவில்லை. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். மூன்று வருஷம் இருந்தார். என் மகளுக்குக் காது குத்தியபோது மடியில் வைத்துக்கொண்டது அவர்தான். 'போதும்' என்று சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்டிருந்தால் அந்த மூன்று வருஷம் எனக்கு இல்லை. ஏழைக்கும் வயதானவர்களுக்கும் சீக்கிரமே 'போதும்' சொல்லிவிடுகிறார்கள் என்பது என் அனுபவம். உங்கள் அண்ணனைத் தடுக்காதீர்கள்.

வார்டு_செவிலி | ஏப்ரல் 21, காலை 9.40

தங்கச்சி, 34 வருஷம் வார்டில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதில் பாதிக்கு மேல் புற்றுநோய் வார்டு. குழாயைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். அப்பாவுக்குப் பசிக்கிறதா?

சின்னக் கேள்வி போலத் தெரியும். இதே அடைப்பில் இரண்டு விதமான நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு உடம்பில் தெம்பு மிச்சம் இருக்கும். பசி வயிற்றைக் கிள்ளும். பக்கத்துப் படுக்கையில் சாம்பார் வாசனை வந்தால் திரும்பிப் பார்ப்பார். வழிதான் அடைத்திருக்கும். அவருக்கு ஸ்டென்ட் வைத்து வழி திறப்பதோ, வயிற்றில் குழாய் வைப்பதோ நியாயமான வைத்தியம். ராணிப்பேட்டை அண்ணன் தன் அம்மாவுக்குச் செய்ததும் அந்த வகைதான். கிட்னியின் வேலையை மெஷின் செய்தது, மற்ற உடம்பு நன்றாக இருந்தது.

இன்னொருவருக்கு நோய் உடம்பு முழுக்கப் பரவி, உடம்பே சாப்பாட்டை வேண்டாம் என்கிறது. அவருக்குப் பசியே இருக்காது. நோய் முற்றியதால் சாப்பாடு நின்றிருக்கும். வீட்டில் இருப்பவர்கள் சாப்பிடாததால்தான் இளைக்கிறார் என்று தலைகீழாக நினைத்துக்கொள்வார்கள். அவருக்குக் குழாயில் லிட்டர் லிட்டராக ஊற்றினால் கால் வீங்கும், சளி கட்டும், எதிர்த்து வந்தது நெஞ்சுக்குள் இறங்கி நிமோனியாவாகும். எடை ஏறாது. நான் என் கையால் ஊற்றியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

உங்கள் அப்பா இதில் யார் என்பது எனக்குத் தெரியாது. அவரைக் கேட்டால் தெரியும்.

அப்புறம், குடல்புண் என்று சொல்லி வைத்திருப்பது. 25 நாள் கரண்ட் வைக்கிற வரிசையில் உட்கார்ந்து, அக்கம்பக்கத்தில் பேசிவிட்டு வந்த மனிதருக்கா தெரியாமல் இருக்கும்? வார்டில் இது எத்தனையோ தடவை நடந்திருக்கிறது. வராந்தாவில் குடும்பம் என் கையைப் பிடித்து 'அவர்கிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர்' என்பார்கள். உள்ளே போனால் அவர் என் கையைப் பிடித்து 'வீட்ல சொல்லிடாதம்மா, தாங்க மாட்டாங்க' என்பார். கடைசியில் எல்லோரும் எல்லாம் தெரிந்தே, ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் பிரிவார்கள். அதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

போட்டு உடைக்க வேண்டாம். 'உடம்பு எப்படி இருக்குன்னு உங்களுக்குத் தோணுதுப்பா?' என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம். நாம் உடனே 'எல்லாம் சரியாயிடும்' என்று அவர் வாயை அடைத்துவிடுவோம்.

அதுவரை வாயைக் காய விடாதீர்கள். பஞ்சை நனைத்து நாக்கைத் துடைத்துவிடுங்கள். உதட்டில் வெண்ணெய் தடவுங்கள். கேட்டால் ஒரு கரண்டி, இரண்டு கரண்டி. அதுவும் சோறு போடுவதுதான் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

ஆம்பூர்_தோல்மண்டி | ஏப்ரல் 21, மதியம் 2.15

அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஆஸ்பத்திரி பெயர் சொல்லப் போவதில்லை. எங்கள் அத்தாவுக்கு (அப்பாவுக்கு) நுரையீரலில் கட்டி. கடைசி வாரம் மூச்சுத் திணறியதும் பயந்துபோய்த் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஐ.சி.யூ., வென்டிலேட்டர். பதினோரு நாள். கையைக் கட்டி வைத்திருந்தார்கள், குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று. காலையில் பத்து நிமிஷம், மாலையில் பத்து நிமிஷம் ஒரே ஒருவர் உள்ளே போகலாம். பதினோராவது நாள் விடியற்காலையில் போன் வந்தது.

எங்கள் வழக்கத்தில் போகிற உயிருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கலிமா சொல்ல வேண்டும், வாயில் கொஞ்சம் தண்ணீர் விட வேண்டும். அத்தா பக்கத்து வீட்டுக்காரருக்கெல்லாம் அப்படி உட்கார்ந்து குர்ஆனின் யாசீன் அத்தியாயம் ஓதியவர். அவருக்கு யாரும் இல்லை. ஆறு பிள்ளைகள் வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம்.

பில் நாலரை லட்சம். அது போகட்டும், தோல் வியாபாரத்தில் அதைச் சம்பாதித்துவிடலாம். அந்தப் பதினோரு நாளை எங்கே போய் வாங்குவது?

கௌண்டன்யா_குடியாத்தம் | ஏப்ரல் 21, இரவு 10.50

எல்லோருக்கும் நன்றி. செவிலி அக்கா, நீங்கள் சொன்ன கேள்வியை இன்று கேட்க முயன்றேன். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், வாய் வரவில்லை. நாளை கேட்கிறேன். வலிக்கு மார்பின் எழுதித் தருகிறேன் என்று டாக்டர் சொன்னபோது அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார். அது போதைப் பழக்கமாகிவிடும், சீக்கிரம் ஆளை முடித்துவிடும் என்று பயப்படுகிறார். உண்மையா?

ஒடுகத்தூர்_டாக்டர் | ஏப்ரல் 22, காலை 7.30

உண்மை இல்லை. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு பயத்தால் எத்தனையோ பேர் வீணாக வலியில் போகிறார்கள்.

புற்றுநோய் வலிக்கு மாத்திரையாகக் கொடுக்கும் மார்பினைக் குறைந்த அளவில் தொடங்கி, வலி அடங்கும் வரை படிப்படியாக ஏற்றுவோம். சாதாரண மாத்திரை நாலு மணி நேரம் வேலை செய்யும். அதனால் வலி வரும் வரை காத்திருக்காமல் கடிகாரம் பார்த்து நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டும். வலி வந்த பின் துரத்தினால் அளவும் அதிகம் தேவைப்படும், பிடிக்கவும் பிடிக்காது. இப்படி ஒழுங்கான அளவில் கொடுத்தால் மூச்சு நிற்காது. வலிக்காகச் சாப்பிடுகிறவர் போதைக்கு அலைவதும் மிக அரிது. முதல் இரண்டு மூன்று நாள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு போய்விடும். போகாதது மலச்சிக்கல் ஒன்றுதான். முதல் நாளிலிருந்தே அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள், இதை விட்டுவிடாதீர்கள். விழுங்க முடியாதவருக்குச் சாதாரண மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை மட்டும் பொடிக்கக் கூடாது.

இந்த மருந்து கிடைக்காமல் போனதற்கும் ஒரு கதை உண்டு. மார்பின் எடுக்கிற அபினைப் பயிரிட்டு அரசாங்கமே வாங்கி வெளிநாட்டுக்கும் அனுப்புகிற நாடு நம்முடையது. ஆனால் 1985-இல் போதைப்பொருள் சட்டம் வந்த பிறகு மார்பின் வைத்திருக்கப் பல உரிமங்கள் வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரிகள் எதற்கு வம்பு என்று வாங்குவதையே விட்டன. ஒரு தலைமுறை டாக்டர்கள் மார்பின் மாத்திரையைக் கண்ணால் பார்க்காமலே படித்து முடித்தோம். 2014-இல் சட்டத்தைத் திருத்தி எளிதாக்கினார்கள். கேரளத்தில் 1993-இலேயே கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம் அதற்குப் பெரிய காரணம்.

வேலூர்க்காரனாக இன்னொன்று சொல்ல ஆசை. டாக்டர் பால் பிராண்ட் 1946-இல் இங்கே வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் அழிவது நோய் தின்பதால் இல்லை, வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் காயத்தோடே வேலை செய்தும் அழிகின்றன என்பதைக் கண்டு சொன்னவர் அவர். வலி நமக்குக் காவல் என்பதை உலகத்துக்குப் புரிய வைத்த ஊர் இது. அந்தக் காவலுக்கு ஒரு வேலை உண்டு, ஆபத்தைச் சொல்வது. உங்கள் அப்பா உடம்பில் ஆபத்து என்ன என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இனி அந்த வலியை வைத்து அவர் செய்ய எதுவும் இல்லை. அணைத்துவிடலாம்.

உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' செவிலியரைக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டுவந்து தருவது மட்டும் என்று நினைக்கிறார்கள். படுக்கையில் இருப்பவரை வீட்டுக்கு வந்து பார்ப்பதும் அதில் உண்டு.

தோட்டப்பாளையம்_லாட்ஜ் | ஏப்ரல் 22, மாலை 4.00

நான் டாக்டரும் இல்லை, படித்தவனும் இல்லை. வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றி இருக்கிற லாட்ஜ் ஒன்றில் 18 வருஷமாக மேனேஜர். எங்கள் அறைகளில் முக்கால்வாசி வங்காளம், அசாம், ஜார்க்கண்டிலிருந்து வருகிறவர்கள். ஸ்டவ்வும் பாத்திரமும் வாடகைக்கு எடுத்து மாசக்கணக்கில் தங்குவார்கள். ஹிந்தியும் பெங்காலியும் நான் அவர்களிடம் கற்றதுதான்.

ஒரு விவசாயி மனைவியைக் கூட்டிவந்தார். மூளையில் கட்டி. மூன்று மாதம் இருந்தார்கள். ஒருநாள் டாக்டர் 'இனி இங்கே இருப்பதில் பயன் இல்லை, தெளிவாக இருக்கும்போதே ஊருக்குக் கூட்டிப் போங்கள்' என்று சொல்லிவிட்டார். அவர் என் மேஜைக்கு வந்து, நிலத்தை விற்றுவிட்டு வந்தேனே, கைவிட்டுவிட்டார்களே என்று அழுதார். போகவில்லை. வெளியே வேறு வேறு இடம் அலைந்தார். பத்து நாளில் அந்த அம்மா இங்கேயே அறையில் நினைவு தப்பிவிட்டார். அதற்கு முந்தின நாள்கூட என்னிடம் 'பாயி, கூட்டில் வாத்துக்குத் தீனி யார் போடுகிறார்களோ' என்று கேட்டார். அவர் கேட்டது வீட்டைப் பற்றித்தான், வைத்தியத்தைப் பற்றி இல்லை. காட்பாடியில் ஏறினால் ஹௌராவுக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். அந்த ஒரு நாள் பயணத்துக்கான உடம்பு அவருக்கு முதல் வாரம் இருந்தது. கடைசியில் சவப்பெட்டியில் அனுப்பினோம்.

டாக்டர் சொன்னது கைவிடுவதா, வழி சொல்வதா என்று அன்றைக்கு எனக்கும் விளங்கவில்லை. உங்கள் டாக்டர் சொன்னதைப் படித்ததும் அந்த அம்மா ஞாபகம் வந்தது, அதனால் எழுதினேன்.

சக்கர_நாற்காலி | ஏப்ரல் 22, இரவு 9.25

எல்லோரும் நல்ல மனதோடு எழுதுகிறீர்கள். ஆனாலும் எனக்கு ஒரு பயம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

19 வயதில் அணைக்கட்டுப் பக்கம் புளியமரத்திலிருந்து விழுந்தேன். இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லை. ஐ.சி.யூ.வில் இருந்தபோது எனக்குக் காது கேட்டது. சித்தப்பா சொன்னார், 'இப்படிக் கெடக்கறதுக்குப் போய்ச் சேந்திருக்கலாம்.' யாராவது அன்றைக்கு 'சிகிச்சை வேண்டாம்' என்று என்னிடம் ஒரு பேப்பரை நீட்டியிருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். இப்போது எனக்கு 37. மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம் ஆகிவிட்டது.

வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வுப் பயிற்சியில் இருந்தபோதுதான் டாக்டர் மேரி வர்கீஸ் பற்றிச் சொன்னார்கள். 1954-இல் கார் விபத்தில் அவருக்கும் என்னைப் போலவே ஆனது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நான் படுத்திருந்த அந்த மறுவாழ்வு மையம் 1966-இல் அவர் முயற்சியில் வந்தது.

நன்றாக இருப்பவர்கள் நோயாளியின் வாழ்க்கைக்குப் போடும் மார்க் எப்போதும் குறைவாகவே இருக்கும். 'வாழ்க்கைத் தரம்' என்று டாக்டர்கள் சொல்கிற அந்த அளவுகோலை யார் கையில் கொடுக்கிறோம் என்பதுதான் எனக்கு முக்கியம். மகன் கையிலும் மகள் கையிலும் கொடுக்காதீர்கள். படுத்திருப்பவர் கையில் கொடுங்கள். அதையும் ஒரே நாளில் கேட்டு முடித்துவிடாதீர்கள். விழுந்த முதல் மாதம் நான் சொன்னதும் ஆறாவது மாதம் நான் சொன்னதும் ஒன்றில்லை.

வார்டு_செவிலி | ஏப்ரல் 22, இரவு 10.10

தம்பி, நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நான் சொல்லாமல் விட்ட ஒன்றும் ஞாபகம் வந்தது. வீட்டில் கிழவருக்கு என்றால் கடைசி வரை அலைவார்கள். கிழவிக்கு என்றால் 'அவங்க கஷ்டப்பட வேணாம் சிஸ்டர்' என்று மூன்றாவது நாளே கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போனதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதே வார்த்தை, வேறு காரணம். அந்த அம்மாக்களில் ஒருத்தியையாவது யாராவது கேட்டார்களா என்றால், இல்லை.

சத்துவாச்சாரி_வக்கீல் | ஏப்ரல் 23, காலை 8.00

சட்டம் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, ஆனால் கடைசி நேரத்தில் 'போலீஸ் கேஸ் ஆகுமா' என்ற பயத்தில்தான் நிறையக் குடும்பங்கள் வென்டிலேட்டரில் மாட்டிக்கொள்கின்றன. அதனால் எழுதுகிறேன்.

சுயநினைவோடு இருக்கும் வயது வந்த ஒருவர், தனக்கு ஒரு சிகிச்சை வேண்டாம் என்று சொன்னால் அதுவே போதும். அவர் உயிரோடும் தெளிவோடும் இருக்கும்போது பிள்ளைகள் அனுமதி தேவையில்லை. சிக்கல் வருவது அவரால் பேச முடியாதபோது. மும்பையில் அருணா ஷான்பாக் என்ற செவிலி 1973-இல் தாக்கப்பட்டு 42 வருஷம் நினைவின்றி இருந்தார். அவர் வழக்கில்தான் 2011-இல் உச்ச நீதிமன்றம் முதல்முறையாக, செயற்கையாக உயிரைப் பிடித்து வைக்கும் சிகிச்சையை நிறுத்துவதற்கு ஒரு வழியைச் சொன்னது. ஆனால் அருணாவுக்கு அதை அனுமதிக்கவில்லை. அவரைத் தினமும் குளிப்பாட்டி ஊட்டிய அந்த ஆஸ்பத்திரிச் செவிலியர்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று நின்றார்கள். 2015-இல் நிமோனியாவில் இயற்கையாகப் போனார்.

2018 மார்ச் 9-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மதிப்போடு இறப்பதும் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்றது. பேச முடியாமல் போனால் எனக்கு என்னென்ன வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றிருந்ததால் அதிகம் பேர் எழுதவில்லை. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தினார்கள். இரண்டு சாட்சி, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி போதும். உங்கள் சார்பில் முடிவெடுக்க யார் என்று அதில் பெயர் எழுத வேண்டும். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். எழுதி வைக்காதவர் விஷயத்திலும், ஆஸ்பத்திரியில் மூன்று டாக்டர்கள் கொண்ட ஒரு குழு, அப்புறம் மாவட்ட மருத்துவ அதிகாரி அனுப்பும் ஒருவரைக் கொண்ட இரண்டாவது குழு, இருவரும் பார்த்து, குடும்பமும் சம்மதித்தால் நிறுத்தலாம். இரண்டு குழுவும் முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும்.

ஊசி போட்டு முடிப்பது இதில் வராது. அது குற்றம், எந்தக் காரணத்துக்காகச் செய்தாலும்.

விருதுநகர்_வாசி | ஏப்ரல் 23, காலை 8.40

வக்கீல் சார் கடைசியில் சொன்னதை அழுத்திச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் தலைக்கூத்தல் என்ற ஒன்று இருந்தது. படுக்கையில் கிடக்கும் முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து முடித்துவிடுவார்கள். 'அவருக்கே விடுதலை' என்பார்கள். அவரைக் கேட்டுச் செய்தவர்கள் யாரும் இல்லை.

கௌண்டன்யா_குடியாத்தம் | ஏப்ரல் 26, இரவு 11.45

மூன்று நாள் எழுத முடியவில்லை. மன்னிக்கவும்.

23-ஆம் தேதி மாலை அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அப்பா திண்ணையில் இருந்தார். செவிலி அக்கா சொன்ன மாதிரியே கேட்டேன். 'உடம்பு எப்படி இருக்குன்னு உனக்குத் தோணுதுப்பா?' சும்மா இருந்தேன். ரொம்ப நேரம் எதுவும் சொல்லவில்லை. தெருவில் ஒரு ஆட்டோ போனது, தண்ணி வண்டி போனது. அப்புறம் சொன்னார்: 'இன்னாம்மா, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சினு கீறீங்களா? கரண்டு வெக்கற எடத்துல எனக்கு முன்னாடி உக்காந்திருந்த ஆரணிக்காரர் மாசியிலயே போயிட்டாரு.'

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. பசிக்கிறதா என்று கேட்டேன். பசியே இல்லை, நீங்கள் தட்டோடு வந்து நிற்பதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்றார். எனக்கு அது ஈட்டி மாதிரி இறங்கியது. மூன்று வாரமாக நாலு வேளையும் தட்டோடு போய் நின்றவள் நான்தான். பசி இல்லையாம், ஆனால் வாயில் ருசி வேண்டுமாம். மோர் விட்டுக் கரைத்த கேழ்வரகுக் கூழ் ரெண்டு வாய், சின்ன வெங்காயத்தைக் கடித்துத் துப்பிவிடுவாராம்.

குழாய் பற்றியும் மறைக்காமல் சொன்னேன். என்ன செய்வார்கள், எதற்கு, டாக்டர் என்ன நினைக்கிறார், அண்ணன் என்ன நினைக்கிறார், எல்லாம். 'அதுல போட்டா தறியில உக்கார முடியுமா?' என்று கேட்டார். முடியாது என்றேன். 'அப்ப எதுக்கு' என்றார்.

சக்கர நாற்காலி அண்ணா சொன்னதை மனதில் வைத்து மறுநாள் காலையில் மறுபடி கேட்டேன், இன்றும் கேட்டேன். அதே பதில். வேறு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு மூன்று சொன்னார். வலி போக வேண்டும். ஆஸ்பத்திரியில் வைத்து முடித்துவிடக் கூடாது, தறி இருக்கிற கூடத்தில் படுக்கை போட வேண்டும். வைகாசி முதல் தேதி எங்கள் ஊர்த் திருவிழாவில் கெங்கையம்மன் சிரசு (அம்மன் தலை) ஊர்வலம் பார்க்க வேண்டும்.

அண்ணனுக்கு நான் சொல்லவில்லை. போனை அப்பா கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். கால் மணி நேரம் பேசினார்கள். அப்புறம் என்னிடம் அண்ணன் கேட்டது ஒன்றுதான்: 'நான் அப்ப என்னதான் செய்யறது?' லீவ் போட்டுவிட்டு வா, ராத்திரி இரண்டு மணி மாத்திரையை நீ கொடு, நான் தூங்கி மாசமாகிறது என்றேன். நேற்று வந்துவிட்டார். ஏர் பெட் வாங்கி வந்திருக்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க சுகாதார நிலையத்து நர்ஸ் அவருக்குத்தான் சொல்லிக் கொடுத்தார். மார்பின் தொடங்கி மூன்று நாளாகிறது. நேற்று ராத்திரி அப்பா ஆறு மணி நேரம் படுத்துத் தூங்கினார். தறிக்கட்டையில் சாயவில்லை.

அம்மா இன்னும் சமாதானமாகவில்லை. பக்கத்து வீட்டு அத்தை வந்து 'ஒரு குளுக்கோஸ் பாட்டிலாவது போடக் கூடாதா' என்று கேட்டுவிட்டுப் போனாள். அம்மா ராத்திரி முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூத்தமகன்_ராணிப்பேட்டை | ஏப்ரல் 27, காலை 6.20

படித்தேன் தங்கச்சி. நான் என் அம்மாவுக்குச் செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். உங்கள் அப்பா விஷயம் வேறு என்பதும் புரிகிறது. ஒன்றை மட்டும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த மூன்று வருஷத்தில் 'ஊசி வலிக்குதுடா' என்று அம்மா எத்தனையோ தடவை சொன்னார். வேண்டுமா வேண்டாமா என்று நான் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பார் என்று நம்புகிறேன்.

உங்கள் அம்மாவிடம் ராணிப்பேட்டையிலிருந்து ஒருவன் சொன்னான் என்று சொல்லுங்கள், நீங்கள் அவரைப் பட்டினி போடவில்லை.

வார்டு_செவிலி | ஏப்ரல் 27, காலை 9.00

அம்மாவை ஒதுக்கி வைக்காதீர்கள். கூழ் கரைக்கிற வேலையும் வாய் துடைக்கிற வேலையும் அவர் கையில் இருக்கட்டும். அம்பது வருஷம் அந்த மனுஷனுக்குச் சோறு போட்டவர், வெறும் கையோடு உட்கார்ந்தால்தான் பக்கத்து வீட்டுப் பேச்சு உள்ளே இறங்கும். குளுக்கோஸ் பற்றிக் கேட்டால், இப்போது ஏற்றினால் அது கால் வீக்கமாகவும் நெஞ்சுச் சளியாகவும்தான் நிற்கும் என்று அந்த நர்ஸையே வீட்டில் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் மகள் சொல்கிறாள் என்றிருக்கும்.

கௌண்டன்யா_குடியாத்தம் | மே 11, இரவு 9.30

அக்கா, ஒரு சந்தேகம். அப்பா இருக்கிறார். ரொம்ப இளைத்துவிட்டார், பகலில் பாதி நேரம் தூக்கம்தான், ஆனால் விழித்தால் தெளிவாகப் பேசுகிறார். அம்மாதான் கூழ் கொடுக்கிறாள். அண்ணன் தறியில் உட்கார்ந்து தப்பும் தவறுமாக நாலு விரல் நெய்தார், அப்பா படுத்தபடியே திட்டிக்கொண்டிருந்தார்.

சிரசுக்கு நாலு நாள்தான் இருக்கிறது. விடியற்காலையில் தரணம்பேட்டையிலிருந்து கிளம்பும். எங்கள் தெரு முனையில் தெரிந்தவர் கடைத் திண்ணை இருக்கிறது. நாற்காலியோடு தூக்கிப்போய் அங்கே உட்கார வைக்கலாம் என்றிருக்கிறோம். வழக்கமாக ஆறு மணிக்கு ஒரு மாத்திரை. தூக்கும்போது முதுகு வலிக்குமே, அன்றைக்கு என்ன செய்வது?

வார்டு_செவிலி | மே 11, இரவு 9.50

இடையில் வலி வந்தால் கொடுக்க என்று டாக்டர் தனியாக எழுதிக் கொடுத்த அளவு இருக்குமே, அதைக் கிளம்புவதற்கு அரை மணி முன்னால் கரைத்துக் கொடுத்துவிடுங்கள். ஆறு மணி மாத்திரை வழக்கம் போல. இன்னொரு வேளைக்கான மாத்திரையும் தண்ணீரும் கரண்டியும் அண்ணன் சட்டைப் பையில் இருக்கட்டும். நாளைக்கே டாக்டருக்குப் போன் செய்து ஒரு தடவை சொல்லிவிடுங்கள். நாற்காலியில் தலையணை இரண்டு, ஒன்று முதுகுக்கு, ஒன்று பிருஷ்டத்துக்கு அடியில். தேங்காய் உடைக்கிற பக்கம் வேண்டாம், கூட்டம் நெருக்கும். குடை எடுத்துப் போங்கள். அரை மணிக்கு மேல் உட்கார வைக்காதீர்கள். அவர் இன்னும் கொஞ்சம் என்று சொன்னால், இன்னும் கொஞ்சம்.